தறிச் சத்தத்துக்கு மேல தவில் லூப்: எந்த சாஃப்ட்வேர்ல பண்ணேன், ஏன்

காரைக்குடி கண்டாங்கிச் சேலை நெய்யுற கைத்தறி வீடியோ ஒண்ணு, நீளம் கிட்டத்தட்ட மூணு நிமிஷம், அதுக்கு லூப் வச்சு மியூசிக் போட்டுத் தரணும், வேலை இவ்வளவுதான். எடுத்தது என் மாமா பையன். "மாப்ள, நெட்ல இருந்து எடுத்துப் போட்டா காப்பிரைட் அடிச்சிருவான், நீயே எதாச்சும் பண்ணிக் குடு"ன்னுட்டு பென்டிரைவ குடுத்துட்டுப் போயிட்டான். கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து இந்த மாதிரி வீடியோ எடுக்குற ஆளுங்க ஊருக்குள்ள கூடிட்டாங்க, எல்லாத்துலயும் ஒரே புல்லாங்குழல், ஒரே பியானோ. அது வேணாம், தறிச் சத்தமே தாளமா இருக்கட்டும், அதுக்கு மேல தவிலும் கும்மித் தட்டும் வரட்டும்னு முடிவு பண்ணிட்டுத்தான் சாஃப்ட்வேர் தேடவே உக்காந்தேன்.

லூப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒரு சின்னத் துண்டு சத்தம், முடிஞ்ச இடத்துல இருந்து திரும்ப ஆரம்பத்துக்கே போயி, ஒட்டு தெரியாம சுத்திக்கிட்டே இருக்கணும். இது கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்த சமாச்சாரம்னு நெனைக்காதீங்க, 1948லயே பாரிஸ்ல பியர் ஷேஃபர்னு ஒருத்தர் ரயில் சத்தத்த டிஸ்க்ல பதிஞ்சு, டிஸ்க்ல ஊசி ஓடுற வரி முன்னால போகாம அதே வட்டத்துல சுத்துற மாதிரி பண்ணி இசை அமைச்சிருக்காரு. அந்தக் காலகட்டத்துல நம்ம பக்கம் தேவகோட்டை ரஸ்தாவுல ஏவிஎம் ஸ்டூடியோ நடந்துக்கிட்டு இருந்துச்சு, அப்புறந்தான் மெட்ராஸுக்குப் போச்சு. கம்ப்யூட்டர்ல லூப்ப வச்சே முழுப் பாட்டும் கட்டலாம்னு வழி காட்டுனது 1998ல சோனிக் ஃபவுண்டரி விட்ட ஆசிட்ங்குற சாஃப்ட்வேர். வேவ் ஃபைலுக்குள்ளயே இது எத்தன அடி, என்ன டெம்போ (நிமிஷத்துக்கு எத்தன அடிங்குற வேகம்), எந்த சுருதின்னு எழுதி வச்சிரும், ப்ராஜெக்ட்ல இழுத்துப் போட்டா தானா டெம்போவுக்கு ஒத்துப்போகும். இன்னிக்கு இருக்குற எல்லா சாஃப்ட்வேரும் ஏதோ ஒரு விதத்துல அந்த யோசனைய எடுத்து வச்சதுதான்.

ரெடிமேட் லூப் பேக் ஏன் வேணாம்னு கேப்பீங்க. ராயல்டி ஃப்ரீன்னு போட்டிருப்பான், லைசென்ஸும் ஒழுங்காத்தான் இருக்கும், ஆனா அதே லூப்ப வச்சு வேற எவனாச்சும் பாட்டு பண்ணி, காப்பிரைட்ட தானா கண்டுபிடிக்கிற யூட்யூப் கன்டென்ட் ஐடில ஏத்திட்டா நம்ம வீடியோவுக்கு கிளெய்ம் வந்து நிக்கும். எல்லாருக்கும் பொதுவான லூப்ப அப்படி ஏத்தக்கூடாதுன்னு யூட்யூப் விதியே இருக்கு, ஆனாலும் ஏத்துறாங்க, நாம டிஸ்ப்யூட் போட்டுட்டு உக்காந்திருக்கணும். அதுபோக பேக்ல வர்றதெல்லாம் பெரும்பாலும் நாலடிக் கணக்கு. தறி நாலுல ஓடாதுங்க.

தறி எப்படி ஓடுதுன்னு முதல்ல உக்காந்து கேட்டேன். மிதிக்கிறப்ப ஒரு டொக், நாடா பாஞ்சு போயி அந்தப் பக்கம் முட்டுறப்ப ஒரு சட், அச்ச இழுத்து அடிக்கிறப்ப ஒரு டம். மூணு சத்தம், மூணடி, அது ஒரு சுத்து. மூணும் சரிசமமா விழாது, நாடா கொஞ்சம் முந்திக்கும், அந்த முந்தல்லதான் அழகே இருக்கு, அத கம்ப்யூட்டர் கணக்குக்கு நேராக்கிட்டா தறி போயி மிஷின் ஆயிரும். ஒரு இடத்துல நாலு சுத்து எடுத்து அளந்து பாத்தேன், 5.04 செகண்ட். அப்ப ஒரு சுத்து 1.26, ஒரு அடி 0.42. அறுபத 0.42 ஆல வகுத்தா டெம்போ 142.857. இது அந்த நாலு சுத்துக்கு மட்டும். அடுத்த நிமிஷத்துல நெய்யுறவரு கொஞ்சம் வேகமாப் போறாரு, அப்புறம் நிதானமாவுறாரு, நடுவுல நூல் அறுந்து நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறாரு. தாளம் தட்டுற மெட்ரோனோம் கருவி வச்சு யாரும் சேல நெய்யல.

அதனால எனக்கு வேண்டியது இதுதான்: பதிவுல தறி எங்க அடிக்குதோ அங்க சாஃப்ட்வேரோட பார் கோடு (தாளக் கணக்கு புதுசா ஆரம்பிக்கிற இடத்தக் காட்டுற கோடு) வந்து நிக்கணும், அந்தக் கோட்டுக்கு மத்த லூப்பெல்லாம் நீண்டு சுருங்கி ஒத்துப் போகணும். தறிச் சத்தம் மட்டும் அசையக் கூடாது, ஏன்னா படத்துல கை அடிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. இணையத்துல எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்னு கேட்டீங்கன்னா எத்தன சிந்த் (கம்ப்யூட்டரே சத்தம் உண்டாக்குற வாத்தியம்) இருக்கு, எத்தன ஜிபி சவுண்ட் லைப்ரரி வருதுன்னு பேசுவாங்க, எனக்கு அதெல்லாம் கணக்குலயே வரல, அந்தக் கோடுங்க சேந்த கட்டத்த, அதாவது கிரிட்ட, நம்ம பதிவுக்கு வளைக்க விடுமா இல்ல நம்ம பதிவ கிரிட்டுக்கு ஒடிக்கச் சொல்லுமா, இந்த ஒரு கேள்விய வச்சுத்தான் எல்லாத்தையும் பாத்தேன். லேப்டாப்பு பழைய ஐ3, நாலு ஜிபி ரேம், விண்டோஸ் 10, அதுவும் ஞாபகத்துல வச்சுக்கங்க.

முதல்ல எல்எம்எம்எஸ், ஏன்னா இலவசம். எஃப்எல் ஸ்டூடியோ மாதிரியே முகம், பீட் எடிட்டர்ல பதினாறு கட்டம் வரும், கூட்டலாம் குறைக்கலாம். சொந்தமா டிரம் பேட்டர்ன் தட்டி விளையாடவும் பசங்க கத்துக்கவும் அருமை. ஆனா நான் போட்ட 1.2 பதிப்புல மைக்ல ரெக்கார்ட் பண்ற வசதியே கிடையாது, டெம்போவும் முழு எண்ணுலதான் வைக்க முடியும். 142.857ங்குறத 143ன்னு வச்சேன்னா நிமிஷத்துக்கு 0.143 அடி விலகும், மூணு நிமிஷம் முடியுறப்ப கிட்டத்தட்ட அரை அடி. ஒவ்வொரு சுத்துக்கும் லூப்ப புதுசா தட்டி விட்டா இது காதுக்குத் தெரியாது, நீளமா ஒரே பதிவு பக்கத்துல ஓடுறப்பதான் சிக்கல், என்கிட்ட ஓடுறது நீளப் பதிவு. அதுபோக சத்தத்த சுருதி மாறாம இழுத்து நீட்டுற வசதியும் அதுல இல்ல. அப்ப நமக்கு ஆகாது.

எஃப்எல் ஸ்டூடியோ நம்ம பசங்க பாதிப் பேரு வச்சிருக்கான். 1997ல ஃப்ரூட்டிலூப்ஸ்னு ஆரம்பிச்சு 2003ல பேரு மாத்துனது, பெல்ஜியம் கம்பெனி இமேஜ்-லைன் பண்றது, ஒருதரம் காசு குடுத்து வாங்கிட்டா வாழ்நாள் பூரா அப்டேட் ஃப்ரீ. ட்ரையல்ல எல்லாம் வேலை செய்யும், சேவ் கூட ஆகும், ஆனா சேவ் பண்ணத வாங்குற வரைக்கும் திறக்க முடியாது. அதாவது ஒரே மூச்சுல உக்காந்து முடிச்சு எக்ஸ்போர்ட் பண்ணிட்டு எந்திரிக்கணும், கரண்டு கட் ஆகாத ஊரா இருந்தா செய்யலாம். பேட்டர்ன் போட்டு அடுக்குற வேலைக்கு இத மிஞ்ச ஆளில்ல, பதினாறு ஸ்டெப்ப பன்னெண்டா மாத்தி மூணடிக் கணக்கு போட்டேன், சும்மா பறந்துச்சு. டெம்போவ ஆட்டோமேஷன்ல ஏத்தி இறக்கவும் செய்யலாம். ஆனா ஏற்கனவே பதிஞ்ச ஒரு சத்தத்துக்குப் பின்னாடியே பார் கோட்ட நகத்திக்கிட்டுப் போற வேலைக்கு அது கட்டுன சாஃப்ட்வேர் இல்ல. ட்ராப் பீட் பண்றவங்க கண்ண மூடிக்கிட்டு இதையே வாங்குங்க.

ஏபிள்டன் லைவ் பத்தி மட்டும் கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா லூப்புன்னாலே நேர்மையா சொன்னா இதுதான் ராசா. 2001ல வந்துச்சு. செஷன் வியூன்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க லூப்பெல்லாம் பொட்டி பொட்டியா நிக்கும், எத எப்ப தட்டுனாலும் அடுத்த பார் ஆரம்பத்துல சரியா உள்ள வந்து சேந்துக்கும். ஒவ்வொரு பொட்டிக்கும் தனித்தனி நீளம் வைக்கலாம், ஒண்ணு மூணடி, ஒண்ணு ஏழடின்னு. நீளமான ஒரு பதிவுக்கு அடி விழுற இடத்துல எல்லாம் வார்ப் மார்க்கர்ங்குற குறி குத்தி, அரேஞ்ச்மென்ட்ங்குற இன்னொரு பக்கத்துல அந்தக் கிளிப்ப லீடரா வச்சிட்டா மொத்த ப்ராஜெக்ட்டோட டெம்போவும் அது பின்னாடியே போகும், நான் கேட்டது இதேதான். அப்புறம் ஏன் எடுக்கலன்னா காசுதான். கீபோர்டு வாங்குனா கூட இலவசமா வர்ற லைட் பதிப்பு என் சேக்காளிகிட்ட இருந்துச்சு, அதுல எட்டு டிராக்தான். தறிக்கு ரெண்டு மைக், தவிலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு, கைத்தட்டு மூணு அடுக்கு, சுருதி, குலவை, இதுவே ஒம்போது. பெரிய பதிப்புக்குப் போற காசுக்கு நான் நல்ல மைக் வாங்கிருவேன். மேடையில லைவா லூப் வாசிக்கிற ஆளா இருந்தா இந்தக் கணக்கு பாக்காம அதையே எடுங்க.

கராஜ்பேண்ட் ஆப்பிள்ல மட்டும், என்கிட்ட ஆப்பிள் இல்ல. பேண்ட்லேப் பிரவுசர்லயும் ஃபோன்லயும் ஓடும், இலவசம், ஸ்கெட்ச் போட்டு ஃப்ரெண்டுக்கு அனுப்ப நல்லாருக்கு, படத்தோட அடிக்கு அடி ஒட்டுற வேலைக்கு இல்ல. ஆர்டர் (Ardour)னு ஒரு சாஃப்ட்வேர், அதுல 2022ல வந்த ஏழாம் பதிப்புல இருந்து லூப்ப தட்டி ஓட விடுற கிளிப் லான்ச் வசதி இருக்கு, லினக்ஸ் வச்சிருக்கவங்க கண்டிப்பா பாக்கணும். ஆடாசிட்டிய நான் விடவே இல்ல, அத லூப் வெட்டுறதுக்கு வச்சிக்கிட்டேன்: செலக்ட் பண்ணிட்டு இசட் கீய அமுக்குனா வெட்டுற இடம் அலை பூஜ்யத்தக் கடக்குற புள்ளிக்கு நகந்துரும், அங்க வெட்டுனா ஒட்டுல டிக்னு சத்தம் வராது. 3.4 பதிப்புல இருந்து அதுலயே பீட் கிரிட்டும் டெம்போவுக்கு நீட்டுற வசதியும் வந்திருக்கு, ஆனா ப்ராஜெக்ட் பூரா ஒரே டெம்போதான்.

கடைசில ரீப்பர். வின்ஆம்ப் எழுதுன ஜஸ்டின் ஃப்ராங்கல் பண்ணது, இன்ஸ்டாலர் இருபது எம்பிக்குள்ள, நம்ம ஐ3ல சத்தமில்லாம ஓடுது. அறுபது நாள் முழுசா எல்லா வசதியோடயும் போட்டுப் பாக்கலாம், தனி ஆளுங்களுக்கு லைசென்ஸ் அறுபது டாலர். முகத்தப் பாத்தா அரசாங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கும், உள்ள ஒரு லூப் கூட கிடையாது, சிந்த்தும் பேருக்குத்தான். புதுசா வர்றவங்க இதத் திறந்துட்டு வெறிச்சுப் பாத்துட்டு மூடிருவாங்க, அது நியாயந்தான். ஆனா நம்ம கேள்விக்கு அதுகிட்ட பதில் இருந்துச்சு, அத எப்படி பண்ணேன்னு எழுதுறேன்.

வீடியோவ நேரா ஒரு டிராக்ல போட்டேன், ரீப்பர் படமும் ஓட்டும். தறிச் சத்தத்த தனி டிராக்ல வச்சு, ஐட்டம் டைம்பேஸ் (டிராக்ல இருக்குற சத்தத் துண்டு நேரத்தோட ஒட்டணுமா, தாளத்தோட ஒட்டணுமா) அப்படின்னு ஒண்ணு இருக்கும், அத டைம்னு மாத்துனேன். இது ரொம்ப முக்கியம், இத பீட்ஸ்ல விட்டீங்கன்னா நீங்க டெம்போவ நகத்த நகத்த தறிச் சத்தமும் சேந்து நகரும், நாய் தன் வாலத் தானே துரத்துன கதையா ஆயிரும். மத்த லூப் டிராக்குக்கெல்லாம் டைம்பேஸ் பீட்ஸ், பொசிஷன் லெங்த் ரேட் (இடம், நீளம், வேகம்) மூணும் சேந்தது. அப்பத்தான் டெம்போ கூடுனா லூப்பும் வேகமாகும், சுருதி மாறாம. அந்த நீட்டிச் சுருக்குற வேலைய உள்ள இருக்குற எலாஸ்டிக்ங்குற அல்காரிதம் பாத்துக்குது, நாலஞ்சு சதவீதம் வரைக்கும் தவில்ல வித்தியாசமே தெரியல, அதுக்கு மேல போனா அடியோட மொனை மழுங்குது.

அப்புறம் பார் கோடு. ஒரு டம்ல இருந்து எண்ணி நாலாவது சுத்து முடியுற டம் வரைக்கும் மேல டைம் செலக்ஷன் போட்டு, ரூலர்ல ரைட் கிளிக் பண்ணா டைம் செலக்ஷன்ல இருந்து மெஷர் உருவாக்குற ஆப்ஷன் வரும், அதுல 12/4ன்னு குடுத்தேன். நாலு சுத்து, சுத்துக்கு மூணடி, மொத்தம் பன்னெண்டு, அந்த நீளத்துக்கு என்ன டெம்போன்னு அதுவே கணக்குப் போட்டு மார்க்கர் வச்சிருது. இப்படியே வீடியோ முடியுற வரைக்கும் நாலு நாலு சுத்தா குத்திக்கிட்டே போனேன். ஏன் ஒவ்வொரு சுத்துக்கும் குத்தலன்னா, அவ்வளவு நெருக்கமா குத்துனா அந்த நாடாவோட முந்தல், அந்த மூச்சு, எல்லாத்தையும் தவில் லூப் அப்படியே காப்பி அடிச்சு ஆட ஆரம்பிச்சிருது, கேக்க கிறுகிறுன்னு இருக்கு. நாலு சுத்துக்கு ஒரு தரம் சேந்தா போதும், நடுவுல ரெண்டும் கொஞ்சம் முன்னப் பின்ன போயிட்டு வர்றதுதான் ரெண்டு ஆளு வாசிக்கிற மாதிரி இருக்கு. டெம்போ 140ல இருந்து 147 வரைக்கும் அலையுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சிச்சு. சாஃப்ட்வேரே டெம்போவக் கண்டுபிடிச்சுத் தரும்னு எதையும் நம்பாதீங்க, எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் இந்த மாதிரி சத்தத்துல பாதி டெம்போவ சொல்லும், இல்ல ரெட்டிப்பா சொல்லும், காதுதான் கடைசி.

லூப்புக்கு சத்தம் பிடிக்கப் போனது தனி வேலை. தவிலுக்கு, குன்றக்குடிப் பக்கம் நையாண்டி மேளத்துல வாசிக்கிற ஒரு அண்ணன் இருக்காரு, அவருக்கு ஹெட்ஃபோன்ல தறிச் சத்தத்தப் போட்டு விட்டேன். கொஞ்ச நேரம் கண்ண மூடிக் கேட்டுட்டு "தம்பி, இது நல்லாத்தான் போகுது, ஆனா ஓட்டுற ஆளு ஒரு கை ஜாஸ்தி போட்டுருக்காரு பாருங்க நடுவுல"ன்னாரு. பாத்தா நூல் அறுறதுக்கு முன்னாடி ஒரு சுத்துல ரெண்டு தரம் அடிச்சிருக்காரு, நான் கவனிக்கவே இல்ல. வலந்தலையில விரல் கூடு போட்டு அடிக்கிறது சத்தம் ஊசி மாதிரி குத்தும், தொப்பியில கழி அடி கனமா வரும், அதனால ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு மைக், கூடு பக்கம் மைக்க கொஞ்சம் தள்ளி வச்சு, லெவல் மைனஸ் பன்னெண்டு டிபி தாண்டாம.

மூணடி வாசிச்சு முடிச்சதும் அவரா "மிஸ்ரத்துல ஒண்ணு போட்டு விடவா, சும்மா?"ன்னாரு. தகிட தகதிமி, ஏழு. தறி மூணுல ஓடுது, தவில் ஏழுல ஓடுது, ரெண்டும் இருபத்தொண்ணாவது அடியிலதான் ஒண்ணா வந்து விழும், நம்ம டெம்போவுல அது 8.82 செகண்டுக்கு ஒரு தரம். லூப்புக்கே உள்ள சொகம் இதுதான், ரெண்டு நீளம் வேற வேறயா இருந்தா அதுங்களா புதுசு புதுசா சேந்துக்கிட்டே இருக்கும், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ரீப்பர்ல லூப் சோர்ஸ்ங்குற டிக் இருக்குற ஐட்டத்தோட ஓரத்தப் பிடிச்சு இழுத்தா எவ்வளவு தூரம் வேணா திரும்பத் திரும்ப ஓடும், பார் கோட்டப் பத்தி அது கவலைப்படாது, ஏழு ஏழாவே போகும். ஆனா நடுவுல டெம்போ மாறுற இடமெல்லாம் வருதே, நீளமா இழுத்த ஐட்டத்துக்கு ஒரே ரேட்தான் இருக்கும், அதனால டைம்பேஸ்லயே டெம்போ மாறுற எடத்துல தானா நீட்டிக்கிற ஆட்டோ ஸ்ட்ரெச் வகைய போட்டேன், ஆறாம் பதிப்புல வந்தது, பழைய வெர்ஷன் வச்சிருந்தா இருக்காது.

கைத்தட்டுக்கு கானாடுகாத்தான் போனோம். பூட்டிக் கிடக்குற ஒரு வீட்டுக்கு சாவி வச்சிருக்குற பெரியவர் மாமா பையனுக்குப் பழக்கம். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுற ஆச்சிங்க நாலு பேரு வந்தாங்க, வளவுல (வீட்டுக்கு உள்முற்றம்) சுத்தி நின்னாங்க. "தம்பி, முதல்ல நீங்க ஒருக்கா கைய தட்டிப் பாருங்க, இங்க பேசுனா ரெண்டாங்கட்டுல கேக்கும்"னாரு பெரியவர். சுண்ணாம்போட முட்டை வெள்ளக்கரு சேத்துப் பூசி இழைச்ச சுவரு, பளிங்காட்டம் வழவழன்னு, சத்தம் எதுலயும் ஒட்டாம ஓடுது. கேக்க அருமையா இருக்கு, லூப்புக்கு இது பெரிய வில்லங்கம். ஏன்னா தட்டு முடிஞ்சப்புறமும் அந்த முழக்கம் ஒரு செகண்டுக்கு மேல நிக்குது, நீங்க மூணாவது அடி முடிஞ்ச உடனே வெட்டுனா முழக்கமும் பொசுக்குன்னு வெட்டுப்படும், அடுத்த சுத்து முழக்கமே இல்லாம காஞ்சு போயி ஆரம்பிக்கும், ஒட்டு பளிச்சுன்னு தெரியும்.

இதுக்கு வழி இருக்கு. ஒரே தட்ட நிறுத்தாம குறைஞ்சது மூணு தரம் தட்டச் சொல்லி, நடுவுல இருக்குற ரெண்டாவது சுத்த மட்டும் வெட்டி எடுக்கணும். அதோட ஆரம்பத்துல முதல் சுத்தோட முழக்கம் ஏற்கனவே உக்காந்திருக்கும், கடைசில வெட்டுப்படுற முழக்கத்துக்கு ஈடா இது வந்து சேந்துரும், சுத்த விட்டா ஒட்டே தெரியாது. மொத தரம் லூப் உள்ள வர்றப்ப மட்டும் முழக்கம் முன்னாடியே கேக்குற மாதிரி இருக்கும், அந்த ஒரு இடத்துக்கு உண்மையான முதல் சுத்த வச்சிக்கிட்டேன், கடைசிக்கு மூணாவது சுத்த, அதோட வால் முழுசும் சேத்து. ஆச்சிங்களுக்கும் ஹெட்ஃபோன் குடுக்கலாம்னு பாத்தேன், ஒரு ஆச்சி "எங்களுக்கு எதுக்குப்பா அது, நீ ஒருத்தன் கேட்டு கைய ஆட்டு, நாங்க தட்டுறோம்"னாங்க. நான் கைய ஆட்ட ஆட்ட தட்டுனாங்க, தாளம் மணி மாதிரி நின்னுச்சு. போறப்ப குலவை ஒண்ணு போட்டுட்டுப் போனாங்க, அதையும் பிடிச்சாச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி அதே வளவுல ஒரு பலூன ஊதி உடைச்சு அந்தச் சத்தத்தையும் பதிஞ்சேன், பெரியவர் ஒரு மாதிரி பாத்தாரு. அது எதுக்குன்னா ரீப்பர் கூடவே வர்ற, முழக்கம் சேக்குற ரியாவெர்ப்ல அந்த வெடிச்சத்த ஃபைல ஏத்துனா அந்த வீட்டோட முழக்கத்த வேற எந்த சத்தத்துக்கும் பூசலாம். தவில் வேற இடத்துல, வெட்டவெளியில பதிஞ்சது, கைத்தட்டு வளவுக்குள்ள பதிஞ்சது, ரெண்டும் ஒட்டாம நின்னுச்சு. தவிலுக்கு அந்த முழக்கத்த லேசா கலந்தப்புறம் ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள வந்துருச்சு. தறிக்கு மட்டும் போடல, தறி குழியில இருந்து காதுக்குப் பக்கத்துலயே அடிக்கட்டும்.

ஃபைல் விஷயத்துல ஒண்ணு சொல்லிடுறேன், நெறைய பேரு இதுல மாட்டுறாங்க. லூப்ப எம்பி3ல வைக்காதீங்க. எம்பி3 சத்தத்த 1152 சாம்பிள் கொண்ட பொட்டலமா கட்டுது, முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் வெத்து இடம் சேந்துரும், சுத்த விட்டா ஒவ்வொரு தரமும் ஒரு தடுக்கல். சத்தத்த சுருக்காம அப்படியே வைக்கிற வேவ் மட்டும். ஃபோன்ல பதியுறதா இருந்தா நாய்ஸ் குறைக்கிற வசதி, லெவல தானா ஏத்தி இறக்குற வசதி எல்லாம் அணைக்க முடியுற ஆப்ப போட்டுக்கங்க, இல்லன்னா தவில் முதல் அடி பெருசா விழும், அடுத்த அடியெல்லாம் அமுங்கிப் போகும். வாட்ஸாப்ல அனுப்புறதுன்னா ஆடியோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க. வீடியோவுக்குப் போறதால எல்லாமே 48000 ஹெர்ட்ஸ்ல பதிஞ்சேன்.

சுருதிக்கு சின்ன சுருதிப்பெட்டிய ரெண்டு கட்டையில வச்சுப் பதிஞ்சேன், கட்டைனா ஒண்ணு வந்து சி, ரெண்டு டி, அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் லூப்புல சுருதி பாக்குறப்ப உதவும். இப்படி ஒரே சுருதியா நீண்டுக்கிட்டே போற சத்தத்த (டிரோன்) லூப் பண்றப்ப எங்க வெட்டுனாலும் ஒட்டு தெரியும், பூஜ்யப் புள்ளி எல்லாம் இங்க எடுபடாது, அதனால துண்ட ரெண்டா வெட்டி, பின்பாதிய முன்னாடியும் முன்பாதிய பின்னாடியும் மாத்திப் போட்டு, நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி ரெண்டு மூணு செகண்டு கிராஸ்ஃபேட் (ஒண்ணு மெல்ல குறைய, இன்னொண்ணு மெல்ல கூடுறது) குடுத்தேன். இப்ப ரெண்டு ஓரமும் முன்னாடி ஒண்ணா இருந்த இடம், தானா சேந்துக்கும்.

நூல் அறுந்து தறி நிக்குற இடத்துல என்ன பண்றதுன்னு மாமா பையனுக்கும் எனக்கும் தகராறு. அந்த இடத்த எடிட்ல வெட்டிரலாம்னான் அவன், நான் விடமாட்டேன்னுட்டேன். அங்க எல்லா லூப்பையும் நிறுத்திட்டு சுருதி மட்டும், அவரு முடிச்சுப் போட்டு முடிக்கிறப்ப குலவை, அடுத்த டம்ல மிஸ்ரத் தவில் உள்ள வருது. அந்த அண்ணன் சொன்ன ரெட்ட அடி அதுக்கு முன்னாடியே விழுறதால தறியே தீர்மானம் (தாளத்த முடிக்கிற முத்தாய்ப்பு) வச்சு நிறுத்துன மாதிரி ஆயிருச்சு, அதுக்காக நான் ஒண்ணுமே பண்ணல. மாமா பையன் அதப் பாத்துட்டு எதிர்த்து ஒண்ணும் பேசல, "சரி இருக்கட்டும்"னு மட்டும் சொன்னான்.

மிக்ஸ் பத்தி பெருசா ஒண்ணுமில்ல. தறியோட டம்மும் தவில் தொப்பியும் ஒரே அடிமட்டத்துல முட்டிக்கிச்சு, தவில்ல நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ கொஞ்சம் குறைச்சேன். யூட்யூப் சத்தமா இருக்குறத மைனஸ் பதினாலு லஃப்ஸ் (LUFS, சத்தத்தோட அளவு) பக்கம் இறக்கிரும், அதனால நசுக்கி சத்தம் ஏத்துறதுல பிரயோசனம் இல்ல, தாளத்துக்கு அந்த எழும்பல் வேணும்.

இப்ப கோலாட்டத்துக்கு ஒண்ணு பண்ணித் தரச் சொல்லி ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க, அதுக்கு ரீப்பர் எடுக்க மாட்டேன். அது பசங்க ஆடுறது, டெம்போ ஆடாம நிக்கணும், பதிவு எதுக்கும் பின்னாடி ஓட வேண்டியதில்ல, குச்சிச் சத்தம் நாலு எடுத்துட்டு எல்எம்எம்எஸ்லயே கட்டம் கட்டமா தட்டிரலாம், டீச்சரே அவங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல திறந்து வேகத்தக் கூட்டிக் குறைச்சுக்குவாங்க, டெம்போ முழு எண்ணா இருந்தாலும் அங்க யாருக்கும் நட்டமில்ல.